வராத தண்ணீரின் கரை

இறம்பொடை ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். தலையில் தகரப்பெட்டி, அதன் மேல் சுருட்டிய கம்பளி, முழங்கால் வரை காய்ந்த சேறு. பின்னால் வந்த லொறி வேகத்தைக் குறைத்தது. ஓட்டி வந்தவன் பியதாச. நான் அன்று காலை விட்டுவந்த வேலைத்தளத்தில் மண் லொறி ஓட்டுகிறவன். சீமெந்து ஏற்ற நுவரெலியாவுக்குப் போவதாகவும், என்னை அதுவரை கொண்டுபோய் விடுவதாகவும் சிங்களத்தில் சொன்னான். கோபம் தீரும் வரை நடக்கப்போகிறேன் என்றேன்.

"நீ நடந்தால் அவர்களுக்கா கால் வலிக்கும்?" என்று கேட்டான்.

பெட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டேன். லொறியில் ஏறவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் அருவிச் சாரலில் நனைந்தபடி மேலே நடந்தேன். அந்த நடை முடிந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பாதை வேலைக்கும் பால வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹட்டனில் பேக்கரியில் பாண் சுட்டேன், நோர்வூட்டில் மரம் அரிந்தேன், பதுளைப் பக்கம் மிளகாய் மூட்டை தூக்கினேன். ஓரிடத்திலும் கால் நிற்கவில்லை. பாதை வேலையில் மட்டும் அதிக காலம் இருந்தேன். அந்த வேலையே இடம் மாறிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஆகவே சீமெந்துக் கலவையைப் பற்றியோ இரும்பு வளைப்பதைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

எண்பதுகளில் நடந்தது இது. கொத்மலைப் பக்கம் ஆற்றை மறித்துப் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் பழைய பாதை மூழ்கிவிடும். அதற்காக மலையின் இடுப்பை வெட்டிப் புதிய பாதை போட்டார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே சிறு பாலங்கள் கட்டினார்கள். அதில் ஒரு துண்டை ஒரு சின்னக் கொந்தராத்துக்காரர் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார். அவரிடம் நான் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தேன். அவருக்குப் பதிலாக வேலைத்தளத்தை நடத்தியவரை நாங்கள் சைட் மாத்தயா என்போம்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. காலில் சுத்தமான சப்பாத்து போடுகிற மனிதர்.

தண்ணீர் வந்து நிற்கப்போகும் உயரத்தில் மலையைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை நட்டிருந்தார்கள். அதுதான் கரை. தண்ணீர் இன்னும் வரவில்லை, கரை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. கல்லுக்குக் கீழேயோ அதற்குப் பக்கத்திலோ மண் கொட்டக்கூடாது. பாறை உருட்டக்கூடாது. வெட்டிய மரத்தைப் போடக்கூடாது. லொறி எண்ணெய் சிந்தக்கூடாது. நல்ல விதி. நான் விதிகளுக்கு எதிரியில்லை. மண் இறங்கினால் நீர்த்தேக்கம் தூர்ந்துபோகும் என்பது எனக்கும் விளங்கும். அந்த விதியைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் மலையை வெட்டினால் மண் வரும். அது எங்கேயாவது போக வேண்டும். அதற்கென்று ஒரு மேடு ஒதுக்கியிருந்தார்கள். அது தூரம்; லொறிக்கு டீசல் செலவு. பாதைக்குப் பக்கவாட்டில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது, குறுகலாக, செங்குத்தாக. நடுவில் சிறு ஓடை. சைட் மாத்தயா அங்கே கொட்டச் சொன்னார். வெள்ளைக் கல் அங்கிருந்து வெகு கீழே இருந்தது. விதி அதுவரை எட்டாது. மேலிடத்து ஆட்கள் மேற்பார்வைக்கு வந்தபோது கல்லோரமாக நடந்து பார்த்தார்கள். ஒரு கைப்பிடி மண் இல்லை, ஒரு துளி எண்ணெய் இல்லை. படம் பிடித்தார்கள். இந்தத் துண்டில்தான் விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் வாயில், நாங்கள் கொட்டிய மண்ணுக்கும் அந்த வெள்ளைக் கல்லுக்கும் நடுவில், ஒரு லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் நீளமாக அடுத்தடுத்து காம்பரா என்கிற அறைகள், தகரம், புகை படிந்த சுவர், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நாங்கள் மண்ணால் மூடிய ஓடைதான் அவர்களுக்கு மூங்கில் குழாய் வழியே வந்து விழும் பீலித் தண்ணீர். வேறு தண்ணீர் கிடையாது. வராத தண்ணீருக்கு விதி இருந்தது. வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு இல்லை.

சைட் மாத்தயாவிடம் சொன்னேன். ஒரு தடவையல்ல. மழை காலம் வருகிறது, குவியல் இளகினால் லயத்தின் மேல்தான் இறங்கும் என்றேன். அவர் கல்லைக் காட்டினார். கல்லிலிருந்து எவ்வளவு தூரம், நீயே பார் என்றார். தோட்டத்தில் சொல்லிப் பார்ப்போம் என்று கண்டாக்கையாவிடம் போனேன். தோட்டத்தில் வெளிவேலையை நடத்துகிறவர் அவர், நம் ஆள், நம் பாஷை. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த லயத்துல பாதிப் பேரு இந்தியாவுக்குப் பாஸ்போட் எடுத்தாச்சு. நாளைக்குக் கப்பல் ஏறப் போறவங்களுக்கு நீ ஏன்டா மண்ணு அளக்குற?"

இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டு தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சைட் மாத்தயா சொன்னதைவிட இதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. கப்பல் ஏறும் வரைக்கும் ஒரு மனிதன் தண்ணீர் குடிக்கமாட்டானா? அவன் பிள்ளை கூரைக்குக் கீழே படுக்காதா? பரம்பரையாக அந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களை, போகப்போகிறவர்கள் என்று சொல்லிச் சொல்லியே இல்லாதவர்களாக்கிவிட்டார்கள். வரைபடத்தில் வெள்ளைக் கல் ஒவ்வொன்றும் இருந்தது. லயம் இல்லை. நானே பார்த்தேன்.

மழை பிடித்தது. தென்மேல் காற்றோடு வருகிற மழை, நிற்காது. ஓடை கலங்கி, பீலியில் சிவப்புத் தண்ணீர் வந்தது. லயத்துப் பெண்கள் அதைப் பானையில் பிடித்துத் தெளியவைத்து வடித்துக் குடித்தார்கள். என்னைக் கண்டால் ஏசுவார்கள். எங்கள் தகரக் கொட்டகை லயத்துக்குப் பக்கத்தில்தான், பள்ளத்தாக்கை விட்டு விலகிய மேட்டில் இருந்தது. நானும் அதே பீலியில்தான் முகம் கழுவ வேண்டும். ஏச்சை வாங்காமல் முகம் கழுவ முடியாது.

ஒரு விடியற்காலை, இருட்டு முழுதாக விலகாத நேரம், பீலிக்குப் போனேன். மழை கூரைகளில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் சிலர் குடத்தோடு சும்மா நின்றார்கள். மரியாயி என்று ஒருத்தி, கொழுந்துக்காரி, வாய் அதிகம். என்னைப் பார்த்ததும் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"என்னா கங்காணி, இத்தன நாளா மண்ணக் கரைச்சுக் குடுத்தீங்க. இப்ப இருக்கிற தண்ணியவும் நீங்களே குடிச்சுட்டீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பீலியைப் பார்த்தேன். மூங்கில் குழாயின் நுனியில் சொட்டுக்கூட இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் ஓடை நின்றுபோயிருந்தது.

உங்களில் யாராவது இதை ஒரு நாள் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து நின்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். மழையில் ஓடை நின்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கேயோ தேங்குகிறது என்று அர்த்தம். மேலே ஏறிப் பார்த்தேன். நாங்கள் கொட்டிய குவியல் பள்ளத்தாக்கை அடைத்து அணையாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு குளம். குவியலின் உச்சியில் கை நுழையும் அளவு வெடிப்பு ஓடியிருந்தது. வெடிப்புக்கு லயத்துப் பக்கம் இருந்த மண், குளத்துப் பக்கத்து மண்ணைவிடத் தாழ்ந்து, நழுவ ஆரம்பித்திருந்தது.

கீழே ஓடிவந்தேன். முதல் காம்பராக் கதவைத் தட்டி, "மண்ணு வருது, ஓடுங்க" என்று கத்தினேன்.

கத்தியிருக்கக் கூடாது. எந்தக் காலத்தில் எந்த மனிதர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழர்களை வீடு புகுந்து அடித்த கலவரத்தில் அடிபட்டவர்கள் அவர்கள். விடியாத நேரத்தில் வெளியாள் ஒருவன் கதவைத் தட்டி ஓடுங்கள் என்றால் அதற்கு அவர்களிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது. 'மண்ணு வருது' என்ற முன்சொல் யார் காதிலும் விழவில்லை. நாலைந்து காம்பராக்களில் விளக்கு அணைந்தது, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. முதல் காம்பராக்காரன் மட்டும் இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு ஓடினான். எங்கே ஓடினான் தெரியுமா? மேலே. பள்ளத்தாக்கோரமாகத் தேயிலைக்குள். கலவரத்தில் அவர்கள் பதுங்கி உயிர் பிழைத்த இடம் அது. குவியல் இறங்கினால் முதலில் போகும் இடமும் அதுதான்.

நானும் தேயிலைக்குள் பதுங்கியவன்தான். அதனால் எனக்கு உடனே விளங்கியது. மரியாயி என்னைவிட வேகமாக இருந்தாள். குடத்தைப் போட்டுவிட்டு அவன் முன்னால் போய் விழுந்து மறித்தாள். ஆள் யாரும் வரவில்லை, மண்தான் வருகிறது, கீழே இறங்கு என்று அவன் சட்டையைப் பிடித்து ஏசியே இறக்கினாள். ஒரு குடும்பத்தை அப்படி இறக்கலாம். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிற ஒரு லயத்தையே எப்படி இறக்குவது? இன்னும் கத்தினால் இன்னும் இறுக்கிப் பூட்டுவார்கள். கதவை உடைத்தால் பின்பக்கத்தால் மேலே ஓடுவார்கள்.

அப்போதுதான் பெரட்டு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடிப் பெயர் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தத் தோட்டத்தில் அப்போதும் அதற்குத் தப்பு என்கிற பறையை அடித்தார்கள். பெரட்டுக்களம் பள்ளத்தாக்கை விட்டு விலகி, பக்கத்து மேட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் இருந்தது. தப்புச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கிறவனுக்குப் பெயர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். தாய்மார் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், வேலை முடியும் வரை பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டுமே.

தப்படிக்கிற முனியாண்டி கடைசிக் காம்பரா. என் குரலை அறிந்து கதவைத் திறந்தான். விஷயத்தைச் சொன்னேன். தப்பை எடு, பெரட்டு அடி என்றேன்.

"கண்டாக்கையா சொல்லாம கைய வச்சா என் பேர வெட்டிருவாருங்க."

"அடி முனியாண்டி. பழி என் மேல."

"பழி ஒங்க மேல. பேரு என்னோடது."

சரியான பேச்சு. பெயரை வெட்டினால் அவனுக்கு வேலையில்லை, அரிசியில்லை, காம்பராவும் இல்லை. அவன் மழைக்குள் தலையை நீட்டி, வற்றிக்கிடந்த ஓடையை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய தப்பை எடுத்தான். அடிப்பான் என்று பார்த்தால் அடுப்பங்கரைக்குப் போனான். ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. அடுப்பை ஊதி, தப்பை வாட்ட ஆரம்பித்தான். எனக்கு உயிர் போகிறது. சத்தம் வந்தால் போதும், அடி என்று கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொஞ்ச தப்ப அடிச்சா எவனோ குடிச்சுட்டு வெளையாடுறான்னு படுத்துக்குவாங்க. சும்மா இருங்க."

அவன் சொன்னபடி இருந்தேன். விரலால் தட்டிப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் வாட்டினான், மறுபடி தட்டினான். அதன் பிறகு மேட்டுக்கு ஓடி, களத்தில் நின்று அடித்தான். வழக்கமான அடி, ஒரு துளி அவசரம் இல்லாத அடி. தாழ்ப்பாள்கள் விலகின. விளக்குகள் எரிந்தன. கம்பளியும் கூடையும் பிள்ளையுமாக ஆட்கள் வந்தார்கள். இன்னும் விடியவே இல்லையே, தோட்டத் துரை கனவில் கொழுந்தைக் கண்டுவிட்டாரா என்று ஒருவன் முணுமுணுத்தான். பயத்தில் பூட்டிய கதவை அந்த அலுப்புத் திறந்துவிட்டது.

களத்தில் எல்லோரும் கூடியதும் உண்மையைச் சொன்னேன். இளவட்டங்கள் சிலர் உடனே நம்பினார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவர்கள், நடக்க முடியாத கிழவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தூக்கிவர இறங்கிப் போனார்கள். மீதிப் பேர் என்னையும் இருட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் கண்டாக்கையா இடுப்பில் கட்டிய சாரத்தோடும் கம்பளிச் சட்டையோடும் வந்துவிட்டார்.

"எவன்டா அடிக்கச் சொன்னது?"

நான் முன்னால் போய்ச் சொன்னேன். அவர் குவியலைப் பார்க்கப் போகவில்லை. போயிருந்தால் என் வேலை சுலபம். ரோட்டுக்காரன் பேச்சைக் கேட்டுப் பெரட்டு வைக்க இது யார் தோட்டம் என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். எல்லாரும் லயத்துக்குப் போங்கள், வெளிச்சம் வந்ததும் மறுபடி தப்படிக்கும், அப்போது வாருங்கள் என்று உத்தரவு போட்டார். ஆட்கள் அசைய ஆரம்பித்தார்கள். பழகிய கால்கள். ஓரத்தில் நின்றவர்கள் படியில் இறங்கவே தொடங்கிவிட்டார்கள்.

மரியாயி கூடையைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு அடிச்சுச்சு, வந்தாச்சு. பேரப் போடுங்கய்யா. பேரு போடாம போகமாட்டோம்."

இறங்கியவர்கள் நின்றார்கள். அது அவர்கள் பாத்தியதை. தப்படித்து ஆள் கூடிவிட்டால், மழை என்று வேலையை நிறுத்தினாலும் அரைப் பெயர் போட வேண்டும். தப்பை அடித்தது யார் என்பது அவர்கள் கவலையில்லை. கண்டாக்கையா அது பொய்ப் பெரட்டு, பெயர் கிடையாது என்றார். அவ்வளவுதான். மண்ணை நம்பாதவர்கள்கூட இதில் ஒன்றானார்கள். போன மாதம் மழைக்கு வெட்டிய அரைப் பெயர், அதற்கு முந்திய மாதம் கொழுந்து நிறையில் கழித்த ராத்தல், எல்லாம் வெளியே வந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூடையை வைத்து உட்கார்ந்தார்கள். கண்டாக்கையா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்லச் சண்டை நீண்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த வேலைகளிலேயே நல்லது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். உண்மையை இன்னொரு தடவை சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று நாக்குத் துடித்தது. சொல்லியிருந்தால் பேச்சு மண்ணுக்குத் திரும்பியிருக்கும், கண்டாக்கையா அதை வென்றிருப்பார், ஆட்கள் இறங்கியிருப்பார்கள். அந்தப் பெயர்ச் சண்டை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நல்லது. நான் செய்ததெல்லாம், முதுகில் கிழவர்களைச் சுமந்து வந்த பையன்களுக்குக் கை கொடுத்து மேலே இழுத்ததுதான்.

கடைசியாக வந்தவன் ஒரு கிழவியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது குவியல் விட்டது. சத்தம் பெரிதில்லை. நிறைய லொறிகள் ஒரே நேரத்தில் கொட்டுவது போல ஒரு சத்தம், பிறகு தகரம் மடிகிற ஓசை. மண்ணும் தண்ணீரும் பள்ளத்தாக்கு வழியே வந்து லயத்தின் முதுகில் மோதின. மேல்பக்கத்துக் காம்பராக்கள் இடிந்து மூடின. மற்றவற்றில் சேறு கூரை வரை ஏறியது. கட்டிப்போட்டிருந்த ஆடுகள் போயின. பானை சட்டி, துணி, அரிசி, இந்தியாவுக்குப் போக எடுத்து வைத்திருந்த பாஸ்போட்டுகள், எல்லாம் போயின. மனிதர் ஒருவரும் போகவில்லை. கண்டாக்கையா நிறுவைக் கொட்டகைப் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் மரியாயி கூடைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் காம்பரா மேல்பக்கத்தில்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை இன்றும் தூங்கவிடாதது.

விசாரணைக்கு மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். என்னையும் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். மண் கொட்டிய இடத்திலிருந்து வெள்ளைக் கல் வரை நாடா பிடித்து அளந்தார்கள். தூரம் சரியாக இருந்தது. சரிந்த மண் எங்கே நின்றது என்று பார்த்தார்கள். லயத்தோடு நின்றிருந்தது. கல்லைத் தொடவில்லை. இடிந்த சுவர்களும் மனிதர்களின் தட்டுமுட்டுச் சாமான்களும் சேற்றைத் தடுத்து வைத்துவிட்டன. கரைக்குப் பாதிப்பில்லை, விதி மீறப்படவில்லை என்று முடிவு செய்தார்கள். சைட் மாத்தயா நிம்மதியாக மூச்சு விட்டார்.

லயத்துக்கு எந்த விதி என்று கேட்டேன். வந்தவர்களில் மூத்தவர் கோபப்படாமல் பதில் சொன்னார், அது தோட்டத்து விஷயம், நாங்கள் கரையைப் பார்க்க வந்தவர்கள் என்று. கெட்ட மனிதராகவும் தெரியவில்லை. எனக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு லயமே குறுக்கே படுத்து உங்கள் கரையைக் காப்பாற்றியிருக்கிறது ஐயா, அதற்காவது ஒரு வார்த்தை எழுதுங்கள் என்றேன். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை.

அதன் பிறகு பேச்சுத் தப்புக்குப் போனது. அனுமதியில்லாமல் பெரட்டு வைத்தது யார்? தோட்டத்திலிருந்து புகார் வந்திருந்தது. விதி மீறல் என்று அந்தக் கொட்டகையில் எழுதப்பட்டது அது ஒன்றுதான். சைட் மாத்தயா என்னை வேலையிலிருந்து நிறுத்தினார், தோட்டத்தோடு நல்லுறவு வேண்டுமே. தோட்டத்தில் முனியாண்டியின் பெயரை வெட்டினார்கள்.

மறுநாள் காலை வேறொருவன் பெரட்டுத் தப்பை அடித்தான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்த சனம் ஒருவரும் அசையவில்லை. கண்டாக்கையாவே வந்து கூப்பிட்டார். முனியாண்டி அடித்தால் வருவோம், வேறு எவன் அடித்தாலும் காது கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். கொழுந்து முற்றுகிற நாட்கள் அவை. வெயில் ஏறுவதற்குள் முனியாண்டியின் கையில் தப்பு திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் பாதைக்கு ஏறினேன். அவனுக்காக உட்கார ஒரு தோட்டம் இருந்தது. எனக்கு இல்லை. எங்கும் தங்காதவனுக்காக யாரும் உட்காரமாட்டார்கள். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. நான் தேர்ந்துகொண்ட வாழ்க்கை.

உங்களிடம் இப்போது எங்களுக்கு இருந்ததைவிட அதிகமான விதிகள் இருக்கின்றன. கடலோரத்துக்கு ஒன்று, குளத்தோரத்துக்கு ஒன்று, ஆற்றோரத்துக்கு ஒன்று. படியுங்கள், கடைப்பிடியுங்கள். ஆனால் மண் எங்கே போகக் கூடாது என்று மட்டுமே விதி சொல்லும். அது எங்கே போகிறது என்பதை நீங்கள் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் காக்கிற கோட்டுக்கும் நீங்கள் வெட்டுகிற மலைக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரைபடத்தில் யாரும் இல்லையென்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

நுவரெலியாவை அடைந்தபோது கால் ஓய்ந்திருந்தது. பியதாச கேட்டது சரிதான், வலி எனக்கு மட்டும்தான். பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்து, முன்பு பாண் சுட்ட காலத்தில் பழக்கமான முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் பெட்டியை இறக்கினேன். அவர் என் சேற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். பொகவந்தலாவைப் பாதையில் ஒரு பாலம் கட்டுகிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்றார். கடை வாங்குப் பலகையிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். பாலத்தின் இரண்டு பக்கமும் மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆள் எடுக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேல தெரியும்?"

கங்காணி வேலை பார்த்தேன் என்றேன். கங்காணிக்கு ஆள் இருக்கிறது, மண் கொட்டுகிற இடத்தில் நின்று லொறிக்குக் கை காட்ட ஒருத்தன் வேண்டும், ஆனால் அது உனக்குக் கட்டாது என்றார். உண்மைதான். வேலைத்தளத்தில் அதற்குக் கீழே ஒரு வேலை கிடையாது. நொண்டிக்கும் கிழவனுக்கும் கொடுப்பது. சம்பளமும் அப்படி. நான் அதையே கேட்டேன். அவர் வியப்போடு ஒரு கொடித்துணியைக் கையில் கொடுத்து, வளைவுக்கு அப்பால் உள்ள விளிம்பைக் காட்டினார்.

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் முதல் லொறி பின்பக்கமாக வந்தது. கையைத் தூக்கி நிறுத்தினேன். சாரதி தலையை வெளியே நீட்டி, என்ன சங்கதி என்று கேட்டான். பொறு என்று சொல்லிவிட்டு, புல்லைப் பிடித்துச் சரிவில் இறங்கினேன். அவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அடிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்த பிறகுதான், வா என்று கை காட்டினேன்.